பழைய ரைஃபிளுக்கு எந்த மருந்து, எந்தக் குண்டு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மான் வேட்டை சீசனைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வீட்டில் ஒரு பழைய ரைஃபிள் இருக்கிறது, கடையில் அதற்குத் தோட்டா கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை, நாமே அடைத்துக்கொள்ளலாமா? நான் உலோகவியல் படித்து, பென்சில்வேனியாவில் ஒரு ஃபோர்ஜிங் ஆலையின் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எஃகு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. பதில்களும் அந்தப் பக்கத்திலிருந்தே வரும்.

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் நெருப்பு மூட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு, இவை நான்கும் சேர்ந்தது. எத்தனை கிரெயின் மருந்து போடுவது என்று மட்டும் இங்கே எழுத மாட்டேன். ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம். அச்சில் ஓர் எண் பிசகினால் யாரோ ஒருவருக்குக் கண் போய்விடும். அளவை ஹாட்ஜ்டன், ஹார்னடி, லைமன், சியரா, நாஸ்லர் போன்றவர்கள் வெளியிடும் கையேடுகளில் பாருங்கள். கையேட்டில் இல்லாத சேர்க்கையை யார் சொன்னாலும் போடாதீர்கள், நான் சொன்னாலும்தான்.

என் மாமனார் அமெரிக்கர். அவர் விட்டுச் சென்ற சாவேஜ் 99 ரைஃபிள் (.300 சாவேஜ்) எங்களிடம் இருக்கிறது. அவரே தோட்டா அடைப்பார். பிரஸ் (அமுக்கும் கருவி), டை (கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு எல்லாம் அப்படியே உள்ளன. 14 வயது மகள் தாத்தாவின் துப்பாக்கியோடுதான் மானுக்குப் போவேன் என்கிறாள். எந்த மருந்து, எந்தக் குண்டு வாங்கலாம்?
– வாசகி, ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

அம்மா, உங்கள் மகள் ஆசைப்படுவது நல்ல ரைஃபிளுக்குத்தான். ஆர்தர் சாவேஜ் ஜமைக்காவில் பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் ஆலை வைத்து உருவாக்கிய வடிவம் இது. கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் லீவர் ரைஃபிள்தான், ஆனால் தோட்டாக்களை ஒன்றன் பின் ஒன்றாக அடைக்கும் குழாய் மேகசின் கிடையாது. உள்ளே ஒரு சுழலும் உருளை இருக்கிறது. உங்களுடையது பழைய சுழல் மேகசின் வகையாக இருந்தால், இடது பக்கத்தில் ஒரு சின்னத் துளையில் எண் தெரியும். உள்ளே எத்தனை தோட்டா இருக்கிறது என்று அது காட்டும். தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக முட்டி நிற்காததால் கூர்முனைக் குண்டையும் தாராளமாகப் போடலாம்.

.300 சாவேஜ் 1920-இல் வந்தது. அந்நாளைய .30-06 தோட்டாவின் வேகத்தைக் குட்டைக் கூட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பது நோக்கம். 150 கிரெயின் குண்டை நொடிக்கு 2,600 அடிக்குச் சற்று மேலான வேகத்தில் அனுப்பும். பிற்பாடு அமெரிக்க ராணுவம் ஒரு குட்டைத் தோட்டாவைத் தேடியபோது இந்தக் கூட்டை வைத்துத்தான் ஆராய்ச்சியைத் தொடங்கியது. அதன் முடிவில் வந்ததுதான் இன்றைய .308 தோட்டாவின் குடும்பம்.

மருந்தை எரியும் வேகத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அடுப்பில் சுள்ளி சட்டென்று பிடித்து அணைந்துவிடும், புளியங்கட்டை நின்று எரியும். சின்னக் கூட்டில் மிக மெதுவான மருந்தைப் போட்டால் குண்டு குழலை விட்டுப் போன பிறகும் அது எரிந்துகொண்டிருக்கும். மிக வேகமானதைப் போட்டால் குண்டு நகரத் தொடங்கும் முன்பே அழுத்தம் எகிறிவிடும். .300 சாவேஜுக்கு நடுத்தர வேகம்தான் பொருந்தும். ஐஎம்ஆர் 4895, எச்4895, ஐஎம்ஆர் 4064, வார்கெட் ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு, கூட்டைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். தவறிப்போய் இரண்டு முறை கொட்டினால் வழிந்து மேசையில் விழும், உடனே கண்ணில் படும். கைத்துப்பாக்கி மருந்தைக் கொஞ்சமாகப் போட்டு உதைப்பு குறைந்த மெல்லிய தோட்டா செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இரண்டு மடங்கு விழுந்தாலும் கூடு அமைதியாக வாங்கிக்கொள்ளும்.

உங்கள் மகளை மனதில் வைத்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எச்4895 என்பேன். தயாரிப்பாளரான ஹாட்ஜ்டனே ஒரு விதி கொடுத்திருக்கிறது. கையேட்டில் எச்4895-க்குக் கொடுத்துள்ள உச்ச அளவின் 60 சதவீதம் வரை இறங்கலாம், அப்போதும் மருந்து ஒழுங்காக எரியும். உதைப்பு நன்றாகக் குறையும். முதலில் அப்படித் தாளில் சுட்டுப் பழகட்டும். தோளில் பயம் ஏறிவிட்டால் அதை இறக்குவது கடினம். ஆனால் இந்த விதி எச்4895-க்கு உரியது. மற்ற மருந்துகளை இஷ்டத்துக்குக் குறைக்கக் கூடாது. குறிப்பாக மெதுவாக எரியும் உருண்டை மணி மருந்துகளை அப்படிக் குறைப்பது ஆபத்து. மானுக்கு எடுத்துப் போகும் தோட்டாவுக்கு வேகம் வேண்டும். அதற்குக் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறுங்கள்.

இனி குண்டு. விட்டம் .308 அங்குலம், எடை 150 கிரெயின். இந்தத் தோட்டாவின் கழுத்து மிகக் குட்டை, கால் அங்குலம்கூட இல்லை. நீளமான, கனமான குண்டு மருந்துக்கு உரிய இடத்துக்குள் இறங்கிவிடும். மேகசினும் 2.6 அங்குலத்துக்கு மேல் நீளமான தோட்டாவை ஏற்காது. குண்டின் வகையில் பழைய பாணியே போதும். ஈயத்தின் மேல் செம்பு உறை போட்ட சாதாரண மென்முனைக் குண்டுகள் இருக்கின்றன, ஹார்னடி இன்டர்லாக், ஸ்பியர் ஹாட்-கோர், சியரா புரோ-ஹன்ட்டர் போல. மேக்னம் தோட்டாக்களின் வேகத்தைத் தாங்குவதற்காகக் கெட்டியாகச் செய்த விலை உயர்ந்த குண்டுகளை இதில் போட்டால், மானுக்குள் விரியாமல் ஊசி போல் துளைத்துக்கொண்டு போய்விடும். அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி வதைபடும். எனக்கு இதைவிட மனசு கஷ்டப்படும் விஷயம் வேட்டையில் வேறில்லை. பென்சில்வேனியா காட்டில் 100 கஜத்துக்குள்தான் பெரும்பாலும் சுடுவோம். அந்தத் தூரத்துக்கு மென்மையான குண்டுதான் சரி.

லீவர் ரைஃபிள் என்பதால் பித்தளைக் கூட்டை ஒவ்வொரு முறையும் முழுநீள டையில் அமுக்குங்கள். கைப்பிடியைத் தள்ளிப் பூட்டும் போல்ட் ரைஃபிள்போல் தோட்டாவை அழுத்தித் திணிக்கும் பலம் லீவருக்கு இல்லை. இந்த ரைஃபிளில் தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட், தன் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்ளும் அமைப்பு என்பதால் கூடு சீக்கிரம் நீளும். நீளத்தை அளந்து, வெட்டி, தேய்ந்த கூடுகளைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

மாமனாரின் அலமாரியில் பழைய மருந்து டப்பாக்களும், அவர் அடைத்து வைத்த இரண்டு பெட்டித் தோட்டாக்களும், அளவு எழுதிய ஒரு நோட்டும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா?
– அதே வாசகி

தோட்டாக்களைச் சுட வேண்டாம். பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அதுதானா என்று அவரால் மட்டும்தான் சொல்ல முடியும். குண்டைப் பிடுங்கும் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கும். பிரித்து, பித்தளைக் கூட்டை நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்த மருந்தை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல மருந்தில் ஈதர் போன்ற இலேசான கரைப்பான் வாசனை வரும். கெட்டுப்போனது மூக்கைக் குத்தும் புளிப்பு நெடி அடிக்கும். மணிகளின் மேல் துரு போன்ற செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும், டப்பா மூடியின் உட்புறமும் அரித்திருக்கும். நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது அமிலம் வெளியாகிறது, அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்குகிறது. அப்படிப்பட்டதை வீட்டில் ஒரு நாளும் வைத்திருக்காதீர்கள். கொஞ்சமாக இருந்தால் புல்தரையில் மெல்லிசாகத் தூவிவிடலாம், அதிலுள்ள நைட்ரஜன் புல்லுக்கு உரம்தான். லேபிள் இல்லாத டப்பாவும், மூல டப்பாவிலிருந்து மாற்றி வைத்த மருந்தும், வாசனை நன்றாக இருந்தாலும் அதே கதிதான். கண்ணால் பார்த்து இன்ன மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது.

நோட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘4895’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த 4895? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவத்தில் மிஞ்சிய 4895 மருந்தை மொத்தமாக வாங்கி விற்றார். அவருடைய நிறுவனம் அப்படித்தான் வளர்ந்தது. இன்று எச்4895, ஐஎம்ஆர் 4895 என்று இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. எச்4350, ஐஎம்ஆர் 4350 கதையும் அதுதான். எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. நோட்டைப் பத்திரமாக வையுங்கள், மகளுக்கு ஒரு நாள் அது பெரிய சொத்தாக இருக்கும். அளவை மட்டும் இன்றைய கையேட்டிலிருந்து எடுங்கள்.

என்னிடம் 1893 மாதிரி ஸ்பானிய மவுசர், 7×57 தோட்டா, வேட்டைக்காக மாற்றியமைத்தது. “பிரைமர் தட்டையாகும் வரை மருந்தை ஏற்றலாம், அதுதான் எச்சரிக்கை” என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ

தவறு. பழைய ரைஃபிள் வைத்திருப்பவர்களிடம் இந்த நம்பிக்கையை ஒழிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம்.

பிரைமர் தட்டையாவது, காலிக் கூடு சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறையில்) ஒட்டிக்கொள்வது, கூட்டின் அடியில் பளபளப்பான தடம் விழுவது, இவையெல்லாம் பித்தளையின் பலத்தைச் சொல்லும் அடையாளங்கள். பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு அழுத்தத்தைத் தாண்டிய பிறகே தெரியும். அமெரிக்கத் தொழில் அமைப்பு 7×57-க்கு வைத்திருக்கும் உச்சம் 51,000. உங்களுடையதைப் போன்ற பழைய மவுசர்கள் புழக்கத்தில் இருப்பதை நினைத்துத்தான் இவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய உச்சம் இதைவிட அதிகம், ஆகவே ஐரோப்பியக் கையேட்டை இந்த ரைஃபிளுக்குத் தொடாதீர்கள். பிரைமர் உங்களிடம் பேசத் தொடங்கும்போது எஃகு தாங்க வேண்டிய அளவைக் கடந்து வெகுதூரம் போயிருக்கும். பிற்பாடு வந்த 98 மாதிரி மவுசரில் போல்ட்டைப் பிடிக்க மூன்றாவது பூட்டுப் பல் ஒன்று உண்டு, 1893-இல் அதுவும் கிடையாது. அப்படி அதிக அழுத்தத்தில் சுடும் ஒவ்வொரு முறையும் பூட்டுப் பற்கள் அணுவளவு பின்னால் அமுங்கும். அது அன்றைக்குத் தெரியாது, சேர்ந்துகொண்டே போகும்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்று வாங்குங்கள். அதே குண்டு, அதே மருந்து, அதே குழல் நீளத்துக்குக் கையேடு சொல்லும் வேகத்தை உங்கள் தோட்டா எட்டிவிட்டதென்றால் அழுத்தமும் எட்டிவிட்டது. தராசு என்ன சொன்னாலும் அங்கே நிறுத்த வேண்டியதுதான். நான் இந்த வகை ரைஃபிளில் தொடக்க அளவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுவேன். 139 அல்லது 140 கிரெயின் குண்டு அந்த வேகத்திலேயே மானை வீழ்த்தும். 7×57 தன் பெயரைச் சம்பாதித்ததே மிதமான வேகத்தில்தான். அப்புறம், வெயில் காலத்தில் சுட்டுப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். குளிரில் முடிவு செய்த உச்ச அளவை ஜூலை மாதம் சுட்டால் அழுத்தம் கூடும்.

1903 ஸ்பிரிங்ஃபீல்டு, ராக் ஐலண்டு தயாரிப்பு, வரிசை எண் இரண்டு லட்சத்துச் சொச்சம். மெல்லிய தோட்டா அடைத்துச் சுடலாமா?
– வாசகர், ரிச்மண்ட், வர்ஜீனியா

சுட வேண்டாம். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டில் 2,85,507-க்குக் கீழும் உள்ள எண்கள் ‘லோ நம்பர்’ என்று அழைக்கப்படுபவை. உலையின் வெப்பத்தைத் தொழிலாளர்கள் எஃகின் நிறத்தைப் பார்த்துக் கண்ணாலேயே மதிப்பிட்ட காலம் அது. வெளிச்சம் நன்றாக இருந்த நாளில் சூடான எஃகின் நிறம் மங்கலாகத் தெரிந்திருக்கிறது, அதனால் தேவைக்கு மேல் சூடேற்றியிருக்கிறார்கள். எரிந்துபோன எஃகு வெளியே கெட்டியாக இருக்கும், உள்ளே கண்ணாடிபோல் நொறுங்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் சில ரிசீவர்கள் (குழலும் போல்ட்டும் பொருந்தும் உடல் பகுதிகள்) சிதறிய பிறகு, 1918-இல் முறையை மாற்றினார்கள். மெல்லிய தோட்டா அழுத்தத்தைக் குறைக்கும், எஃகின் நொறுங்கும் குணத்தை மாற்றாது. ஒரு கூடு கிழிந்து வாயு பின்னால் பாய்ந்தால் போதும், ரிசீவர் உடைந்துவிடும். எல்லா லோ நம்பரும் உடையாது என்பது உண்மைதான், ஆனால் உங்களுடையது எந்த நாளில் உலைக்குப் போனது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. சுவரில் மாட்டுங்கள்.

வின்செஸ்டர் 94, .30-30. கூர்முனைக் குண்டு தூரம் போகும் என்கிறார்களே?
– வாசகர், கிராண்ட் ரேப்பிட்ஸ், மிச்சிகன்

குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் நேராக முட்டி நிற்கிறது. உதைப்பில் அது சுத்தியாகிவிடும். தட்டைமுனைக் குண்டு, 150 அல்லது 170 கிரெயின், அவ்வளவுதான். ஹார்னடி செய்யும் ரப்பர் போன்ற மென்முனைக் குண்டு மட்டும் விதிவிலக்கு. அது குழாய் மேகசினுக்காகவே வந்தது. எந்தக் குண்டானாலும் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் அழுத்திக் கவ்வ வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மேகசின் ஸ்பிரிங்கே குண்டை உள்ளே தள்ளிவிடும்.

கலிஃபோர்னியாவில் ஈயக் குண்டுக்குத் தடை. என் பழைய .250-3000 சாவேஜில் செம்புக் குண்டு போட்டால் தாளில் பக்கவாட்டில் படுகிறது. ஏன்?
– வாசகர், சான் ஹோசே

தடை 1 ஜூலை 2019 முதல் மாநிலம் முழுவதும், எல்லா வேட்டைக்கும் உண்டு. கான்டோர் கழுகுகள் இறந்த விலங்குகளைத் தின்று ஈய நஞ்சால் செத்துக்கொண்டிருந்தன, அதனால் வந்த சட்டம். நியாயமான சட்டம் என்றே நினைக்கிறேன்.

உங்கள் சிக்கல் முறுக்கில், அதாவது குண்டைச் சுழல வைக்கக் குழலின் உள்ளே வெட்டியிருக்கும் சுருள் வரிகளில், இருக்கிறது. சார்லஸ் நியூட்டன் வடிவமைத்த இந்தத் தோட்டாவை சாவேஜ் 1915-இல் வெளியிட்டபோது நொடிக்கு 3,000 அடி என்று விளம்பரம் செய்யவே 87 கிரெயின் என்ற எடை குறைந்த குண்டைப் பிடித்தார்கள். அந்தக் குட்டைக் குண்டுக்கு 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும், குழலையும் அப்படியே செய்தார்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு. ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், நீளமான குண்டு நிலையாகச் சுழல இன்னும் இறுக்கமான முறுக்கு கேட்கும். அது கிடைக்காததால் தலைகுப்புறப் புரள்கிறது.

முறுக்கை நீங்களே அளக்கலாம். சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமாகத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விடுங்கள். கைப்பிடி தானாகச் சுழல வேண்டும். கம்பியில் ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று முடியும்போது எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறது என்று பாருங்கள். 14 என்று வந்தால் 100 கிரெயின் செம்புக் குண்டை மறந்துவிட்டு 80 கிரெயின் அளவில் இறங்கிப் பாருங்கள். வேகம் கூடுவதால் விரிவதற்கும் அது உதவும். மருந்தளவை அந்தச் செம்புக் குண்டுக்கென்று கொடுத்த பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும். ஈயக் குண்டின் அளவு இதற்கு ஆகாது.

.303 லீ-என்ஃபீல்டில் கூடுகள் இரண்டு மூன்று தடவையில் இரண்டாக உடைகின்றன. மருந்து அதிகமா?
– வாசகர், ஸ்கார்பரோ, டொரன்டோ

மருந்து காரணமாக இருக்காது. ராணுவ சேம்பரைச் சேறு படிந்த தோட்டாவும் நுழையும்படி விசாலமாகக் குடைந்திருக்கிறார்கள். கூடு விளிம்பில் தொங்கி நிற்கிறது, உடல் முன்னால் ஊதி நீள்கிறது. நீங்கள் ஒவ்வொரு முறையும் முழுநீள டையில் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் அடுத்த முறை மறுபடி நீளும், அடிப்பக்கம் மெலிந்துகொண்டே வரும். கழுத்தை மட்டும் அமுக்கும் டை வாங்குங்கள். ஹாரிஸ்பர்க் வாசகிக்கு நான் சொன்னதற்கு இது நேர்மாறு. அது லீவர், இது போல்ட். இப்படி அடைத்த கூடுகளை அந்த ஒரு ரைஃபிளிலேயே சுட வேண்டும்.

காகிதம் கோக்கும் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் செங்கோணமாக மடித்து, அரத்தில் கூராக்குங்கள். காலிக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரை ஒட்டி மேலே இழுங்கள். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நுனி இடறினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. வெளியே அதே இடத்தில் வெளிறிய வளையம் தெரியும். அந்தக் கூடு முடிந்தது.

குண்டு .308 அல்ல, .311 அல்லது .312. போர்க்காலக் குழல்கள் இன்னும் அகலமாகவும் இருக்கும். மென்மையான ஈயக் கட்டியைக் குழலில் தள்ளி எடுத்து அளப்பதுதான் வழி, ஆனால் லீ-என்ஃபீல்டு குழல்களில் பெரும்பாலும் ஐந்து வரி. ஒற்றைப்படை என்பதால் சாதாரண காலிப்பர் நேர்விட்டம் காட்டாது. ஒரு துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து அளந்து வாங்குங்கள். 150, 174, 180 கிரெயின் எல்லாம் சுடும். மருந்து மேலே சொன்ன அதே நடுத்தரக் குடும்பம்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பரோடு சேர்ந்து தோட்டா அடைத்துச் சுடலாமா?
– வாசகர், டல்லாஸ்

குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் அமெரிக்க மாநில வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து உரிமம் எடுங்கள், காலாவதித் தேதியைக் கவனித்துப் புதுப்பியுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசா விஷயம் என்பதால் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள். நண்பர் தெரியும் என்பது போதாது.

அபார்ட்மென்டில் மருந்தை எங்கே வைப்பது?
– வாசகர், சிகாகோ

மூல டப்பாவிலேயே, குளிர்ந்த உலர்ந்த அலமாரியில், பூட்டி. தீயணைப்பு விதி குடியிருப்பில் 20 பவுண்டு வரை அனுமதிக்கிறது, உங்கள் நகராட்சியும் கட்டட ஒப்பந்தமும் அதைவிடக் குறைவாகச் சொல்லலாம், விசாரியுங்கள். காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் மருந்தை வைக்காதீர்கள். தீப்பிடித்தால் வாயு வெளியேற வழியில்லாமல் பெட்டியே வெடிக்கும். மரப்பெட்டி நல்லது. பிரைமர்களை அதே அலமாரியில் வைக்காமல் வேறு இடத்தில், அவை வந்த அட்டைத் தட்டிலேயே வையுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒன்று வெடித்தால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும்.